நனையாத கருவாடு

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் நான் ரேஞ்சர் பாத்திரத்தை எடுத்துக்கொண்டதற்கு ஒரே காரணம், அந்தப் பாத்திரத்திடம் நிலத்தைப் பற்றிக் கேட்டிருந்தார்கள் என்பதுதான். வீரனிடம் என்ன ஆயுதம் என்று கேட்கிறார்கள். மந்திரவாதியிடம் என்ன மந்திரம் என்று கேட்கிறார்கள். ரேஞ்சரிடம் மட்டும் உனக்குப் பழகிய நிலம் எது என்று கேட்கிறார்கள். 2014இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் கையேட்டில் 8 நிலங்கள் இருக்கின்றன: பனிநிலம், கடற்கரை, பாலைவனம், காடு, புல்வெளி, மலை, சதுப்பு, பிறகு அண்டர்டார்க் என்கிற பாதாள உலகம். வகுப்பில் 18 வருடமாக ஐந்திணை நடத்துகிறவளுக்கு இந்தப் பட்டியல் போதாதா? கடற்கரை என்று எழுதினேன். நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் மீனவர் தெருவில் பிறந்தவள் வேறு எதை எழுதுவாள்?

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உருவாக்கியது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள், ஆளுக்கொரு பாத்திரம். ஒருவர் மட்டும் பாத்திரம் எடுக்காமல் உலகத்தையே எடுத்துக்கொள்வார். அவர்தான் டன்ஜன் மாஸ்டர். எதிரே ஒரு குகை தெரிகிறது, என்ன செய்கிறீர்கள் என்று அவர் கேட்பார். நாம் சொல்வோம். நடக்குமா நடக்காதா என்பதை 20 முகப் பகடை சொல்லும். (1978இல் வந்த கையேட்டில் பெண் பாத்திரங்களின் உடல்வலுவுக்கு ஆண்களைவிடக் குறைந்த உச்சவரம்பு வைத்திருந்தார்கள். பல்லி நெருப்பைக் கக்கிக்கொண்டு பறக்கலாம், பெண்ணுக்கு மட்டும் தோளில் அவ்வளவு வலு இருக்கக் கூடாது. இப்போது அந்த விதி இல்லை.) எங்கள் மேசையில் உலகத்தைக் கையில் வைத்திருந்தவள் என் அண்ணன் மகள். சென்னையில் அவர்கள் வீட்டு மாடியில், ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் ஆடினோம். அவளுடைய நண்பர்கள் மூவர், நான்.

என் தாளைப் பார்த்ததும் வீரனாக ஆடிய பையன் சொன்னான், "ரேஞ்சரா மேடம்? அது ரொம்ப சிச்சுவேஷனல்." இந்த ஆட்டத்தில் அது ஒரு வசைச்சொல் மாதிரி. சமயம் வாய்த்தால்தான் பலிக்கிற ஆற்றல், மற்ற நேரத்தில் தாளில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடப்பது என்று அர்த்தம். அவனுடைய வாள் எங்கே போனாலும் வெட்டும். என் கடற்கரை கடற்கரையில்தான் பலிக்கும். நாங்கள் ஆடப்போன கதையோ 'லாஸ்ட் மைன் ஆஃப் ஃபேன்டெல்வர்'. காட்டுப்பாதை, மலை, சுரங்கம்.

அந்தக் கதை தொடங்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். பாத்திரங்கள் நெவர்விண்டர் என்ற துறைமுக நகரத்திலிருந்து கிளம்பி, கடற்கரையை ஒட்டிப் போகும் நெடுஞ்சாலையில் தெற்கே சில நாள் பயணம் செய்து, பிறகு கிழக்கே ஒரு வண்டிப்பாதையில் திரும்புகிறார்கள். கதை அந்தத் திருப்பத்துக்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. கடலோரமாக வந்த நாட்களுக்கு ஒரு வாக்கியம்தான். வழியில் தொந்தரவு எதுவும் இல்லை, அவ்வளவுதான். என் நிலத்தில் நான் நடந்த நாட்கள் அவை.

ஆனால் கையேட்டைத் திரும்பப் படித்தபோது அந்த ஒற்றை வாக்கியம் நியாயமாகவே பட்டது. பழகிய நிலத்தில் ரேஞ்சர் கூட இருந்தால் என்ன நடக்கும் என்று விதி சொல்கிறது: மந்திரத்தால் ஏமாற்றினாலன்றிக் கூட்டம் வழி தவறாது. கரடுமுரடான தரை நடையைத் தாமதப்படுத்தாது. உணவு தேடினால் மற்றவர்களுக்குக் கிடைப்பதைப் போல இரண்டு மடங்கு கிடைக்கும். வேறு வேலையில் இருந்தாலும் அவள் ஆபத்தைக் கவனித்துக்கொண்டே இருப்பாள். ஆக, யாரும் தொலையவில்லை, யாருக்கும் பசிக்கவில்லை, யாரும் தாமதமாகவில்லை. இதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது?

அம்மா நெத்திலி காயப்போடுவாள். மணலில் வலையை விரித்து, அதன்மேல் பரப்பி, காகத்துக்கும் நாய்க்கும் ஒரு கண் வைத்தபடி அடுத்த வீட்டு வாசலில் பேசிக்கொண்டிருப்பாள். பேச்சு நடுவிலேயே எழுந்து போய் வலையைச் சுருட்ட ஆரம்பித்துவிடுவாள். வானத்தில் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. கொண்டல் திரும்பிடுச்சு என்பாள். காற்றின் ஈரம் கழுத்தில் தெரியும் என்று ஒருமுறை சொன்னாள். கொஞ்ச நேரத்தில் மழை வரும், கருவாடு திண்ணையில் இருக்கும். ஒரு வருடம் பிரசவம் பார்க்க அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த வாரம் நனைந்த கருவாட்டைப் பற்றி அப்பா பல வருடம் பேசினார். நனையாத கருவாட்டைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசியதே இல்லை.

சமயத்துக்கு மட்டும் உதவும் ஆற்றலைப் பற்றிக் குறை சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு குறையைத்தான் சொல்கிறார்கள்: சமயம் வராவிட்டால் வீண் என்று. ரேஞ்சரின் பிரச்சினை இன்னும் மோசம். சமயம் வந்தாலும் அவள் ஆற்றல் அந்தச் சமயத்தையே துடைத்துவிடுகிறது. தொலைந்துபோக வாய்ப்பே இல்லாத பயணத்தை டன்ஜன் மாஸ்டர் ஒரு வாக்கியத்தில் கடந்து அடுத்த சண்டைக்குப் போய்விடுவார். ஆற்றல் முழுசாக வேலை செய்திருக்கிறது, அதனால்தான் கண்ணில் படவில்லை.

இன்னொன்றும் மெல்லத்தான் உறைத்தது. எங்கள் கூட்டத்தில் ஒருவன் பூசாரி, அதாவது கிளெரிக். இரண்டாம் நிலைக்கு வந்ததும் எழுந்து நடக்கும் பிணங்களையும் எலும்புக்கூடுகளையும் விரட்டும் சக்தி அவனுக்குக் கிடைத்தது. பிணம் எழுந்து நடந்தால்தானே அது பலிக்கும்? என் கடற்கரையைப் போலவே அதுவும் சமயத்தை நம்பி இருப்பதுதான். ஆனால் எங்கள் மேசையில் அதை யாரும் சிச்சுவேஷனல் என்று சொல்லவில்லை. ஏனென்றால் இந்த ஆட்டத்துக்குக் கதை எழுதுகிறவர்கள் மூலைக்கு மூலை எலும்புக்கூடுகளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவன் ஆற்றலுக்கேற்ற உலகம் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. துறைக் கூட்டத்தில் மேசையைத் தட்டி உரக்கப் பேசும் திறமையும் அப்படித்தான். அதற்கென்றே வாரம் ஒரு கூட்டம் போடுகிறார்கள். என் கவிதைக்கு வருடத்தில் ஒரு நாள், மார்ச் 8. பிப்ரவரி கடைசியில் தொலைபேசி அடிக்கத் தொடங்கும், மார்ச் 9ஆம் தேதி நின்றுவிடும். இந்த வருடம் அழைத்தவர்களிடம், ஜூலையில் நீங்கள் நடத்தும் யாப்பிலக்கணக் கருத்தரங்கில் ஓர் அமர்வு கொடுங்கள், இரண்டுக்கும் வருகிறேன் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

திருக்குறளில் வலியறிதல் 48ஆம் அதிகாரம். அடுத்தது காலமறிதல், அதற்கடுத்தது இடனறிதல். வலிமையைச் சொன்ன கையோடு காலத்தையும் இடத்தையும் சொல்லிவிடுகிறார் வள்ளுவர். முதலைக்குத் தண்ணீர் வேண்டும், தேர் கடலில் ஓடாது, கப்பல் தரையில் ஓடாது. எல்லா வலிமையும் இடம்பார்த்ததுதான் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அந்த அதிகாரங்கள் அரசியலில் வருகின்றன, அரசனுக்குச் சொன்னவை. எப்போது போருக்குப் போவது, எங்கே பாசறை அமைப்பது என்று தீர்மானிக்கிறவன் அவன். தீர்மானம் கையில் இருக்கிறவனுக்கு இடம்பார்த்த வலிமை ஒரு குறையே இல்லை. வகுப்பில் இதை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். பகடை கையில் இருந்தபோது படித்ததில் அரசன்தான் முதலில் கண்ணில் பட்டான்.

ரேஞ்சர் பற்றிய முணுமுணுப்பு ஆட்டத்தை வெளியிடுகிறவர்கள் காதுக்கும் போயிருக்கிறது. 2020இல் வந்த 'டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங்' என்ற புத்தகத்தில் மாற்று விதி தந்தார்கள்: பழகிய நிலத்துக்குப் பதிலாக, தெரிந்த திறன் ஒன்றை எங்கேயும் இரட்டிப்பாகப் பயன்படுத்தலாம், கூடவே இரண்டு மொழிகள். 2024 கையேட்டில் நிலம் எது என்ற கேள்வியே ரேஞ்சருக்குக் கிடையாது. பழகிய எதிரி என்ற பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதன் கீழே இருப்பது யாரை வேண்டுமானாலும் குறிவைத்துக் கூடுதல் அடி கொடுக்கும் ஒரு மந்திரம். பயன் கூடியிருக்கிறது, மறுக்கவில்லை. எனக்குத்தான் ஒப்பவில்லை. ஊரைவிட்டு வந்தால் வேலை கிடைக்கும் என்று சொல்வதைப் போல இருக்கிறது. நானும் வந்தவள்தான், வேலையும் கிடைத்தது. கழுத்தில் ஈரம் தெரிவது நின்றுபோய் ரொம்ப நாளாகிறது.

அண்ணன் மகள் வேறு வழி தேடினாள். ராபின் லாஸ் என்பவர் வகுத்த கம்ஷூ என்ற துப்பறியும் ஆட்டமுறையைப் பற்றி அவள்தான் சொன்னாள். அதில் ஒருத்திக்குப் பழைய கையெழுத்தைப் படிக்கத் தெரியும் என்றால், கையெழுத்து இருக்கும் இடத்தில் அவள் கேட்டாலே தடயம் கிடைத்துவிடும். பகடை கிடையாது. எந்தெந்த நிபுணத்துவம் மேசையில் இருக்கிறது என்று பார்த்து அதற்கேற்பத் தடயங்களை வைப்பது கதை நடத்துகிறவரின் வேலை. அதைப் படித்துவிட்டு அவள் ஒரு காகிதத்தில் எங்கள் தாள்களில் தூங்கிக்கொண்டிருந்த ஆற்றல்களை எல்லாம் எழுதி வைத்துக்கொண்டாள். அடுத்த ஞாயிறே பலன் தெரிந்தது. திருடியாக ஆடிய பெண் அதிகம் பேசாதவள். திருடர்களின் இரகசிய மொழியும் குறிகளும் அவள் பாத்திரத்துக்குத் தெரியும், யாராவது கேட்டால் சொல்லலாம் என்று காத்திருந்தாள் போல. ரெட்பிராண்ட் கும்பலின் மறைவிடத்தில், சுவரில் கீறல்கள் இருக்கின்றன, உனக்கு மட்டும் அவை எழுத்தாகத் தெரிகின்றன என்றாள் அண்ணன் மகள். என்ன எழுதியிருக்கிறது என்று வீரன் கேட்டான். "நீயே சொல்லு" என்று டன்ஜன் மாஸ்டர் திருடியைப் பார்த்தாள். அந்தப் பெண் ஒரு நிமிடம் யோசித்து, கும்பலில் யாரோ சம்பளம் வரவில்லை என்று கீறி வைத்திருக்கிறார்கள் என்றாள். அதைப் பிடித்துக்கொண்டு அந்தக் கூலியாளைப் பேசியே எங்கள் பக்கம் இழுத்தோம். புத்தகத்தில் இல்லாத ஆள் அவன்.

நான் அவளுக்குக் கொடுத்தது கருப்பொருள். ஒரு நிலம் என்றால் அதன் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று தொல்காப்பியம் விரித்துக்கொண்டே போகும். ரேஞ்சர் வழி தவறமாட்டாள் என்று முடித்துவிடாதே, எந்தப் பறவையைப் பார்த்து வழி தெரிந்தது என்று கேள் என்றேன். "சூப்பர் அத்தை, ஆனா நம்ம கதையில கடலே இல்லையே" என்றாள்.

கதையின் கடைசி இடம் ஒரு பழைய சுரங்கம், வேவ் எக்கோ கேவ் என்று பெயர். (ஆடப்போகிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.) உள்ளே நுழைந்ததும் அவள் புத்தகத்தைப் பார்த்துப் படித்தாள்: தூரத்தில், அலை பாறையில் மோதுவதைப் போல ஒரு சத்தம், விட்டு விட்டுக் கேட்கிறது.

"கடலா?" என்றேன்.

புத்தகத்தைப் புரட்டினாள். "பூமிக்கு அடியில தண்ணி இருக்கு அத்தை. ஆனா இது பாதாளம். விதிப்படி உங்க நிலம் இல்ல."

"அலை அடிக்குதா இல்லையா?"

வீரன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "அடிக்குது. உங்க ரேஞ்சருக்கு அதுல என்ன கேக்குது?" என்றாள்.

படகு இறக்குகிறவர்கள் அலை எண்ணுவதைக் கரையில் நின்று பார்த்தே வளர்ந்திருக்கிறேன். பெரிய அலை உடைந்து, அடுத்தது எழுவதற்கு முன் தள்ள வேண்டும். இங்கே தலைகீழாகச் செய்யலாம் என்றேன். அலை இடிக்கும்போது மட்டும் நடப்போம், அடங்கினால் அசையாமல் நிற்போம். அடுத்த கூடத்தில் காவல் இருக்கும் பக்பேர்களுக்கு எங்கள் காலடி கேட்காது. நான் கையைத் தூக்கினால் நடக்க வேண்டும், இறக்கினால் நிற்க வேண்டும். அவள் கண்ணை மூடிக்கொண்டு மேசையில் உள்ளங்கையால் அலை தட்டினாள், ஒழுங்கில்லாமல். நான் எண்ணினேன். திருடி கடந்தாள், பூசாரி கடந்தான். வீரனின் இரும்புக் கவசத்துக்குப் பகடையில் 3 விழுந்தது. நடுக்கூடத்தில் அலை அடங்கிய நேரத்தில் அவன் தோள்பட்டை கிணுங்கென்றது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூடத்தைக் கடக்க எங்களுக்கு 40 நிமிடம் ஆயிற்று.

அடுத்த கதை பாலைவனத்தில் என்று போன வாரம் சொன்னாள். 2024 விதிக்கு மாறிக்கொள்கிறீர்களா, கூடுதல் அடி கிடைக்கும் என்று வீரன் அக்கறையாகக் கேட்டான். வேண்டாம் என்றேன்.

"இந்தத் தடவை நிஜமாவே கடல் கிடையாது அத்தை," என்றாள் அவள். "அலைச் சத்தமும் கிடையாது."

"உப்பு இருக்குமா?"

தன் காகிதத்தில் எழுதிக்கொண்டாள்.