எதிர்வீட்டு அடிபம்பு

சென்னையில் எங்கள் தெருவுக்குக் காலை ஐந்தரைக்குத் தண்ணீர் வரும். ஐந்து முப்பத்தொன்றுக்கு நான் மோட்டார் போடுவேன். மெயின் லைனிலிருந்து நேராக உறிஞ்சுவது தப்புதான். நீங்களும் செய்திருப்பீர்கள், சொல்ல மாட்டீர்கள். போன மாதம் எதிர்வீட்டு அம்மாள் காலிக் குடத்துடன் வந்து, 'சார், நீங்க மோட்டார் போட்டா எங்க அடிபம்புல காத்துதான் வருது' என்றார். கோபமே இல்லாமல். அதுதான் உறுத்தியது.

அவர் சொன்னதில் கணிதம் இருக்கிறது. ஊர்க் குழாய்கள் வலை மாதிரி பின்னிக் கிடப்பவை. ஒரே தெருவுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் தண்ணீர் வரலாம். எந்தக் குழாயில் எவ்வளவு ஓடும்? 1936-ல் இலினாய்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹார்டி கிராஸ் வழி சொன்னார். முதலில் குத்துமதிப்பாக எழுதிக்கொள். ஒவ்வொரு சந்திப்பிலும் வந்த நீரும் போன நீரும் சமமாக வேண்டும். ஒரு வளையத்தைச் சுற்றிவந்தால் அழுத்த இழப்புகளின் கூட்டல் பூஜ்யமாக வேண்டும். ஆகவில்லையா, கொஞ்சம் திருத்தி மறுபடி கூட்டு. பென்சில், ரப்பர், நிறையப் பொறுமை.

இப்போது அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு 1993-ல் இலவசமாக வெளியிட்ட 'எபாநெட்' மென்பொருள் இதைக் கண்ணிமைப்பதற்குள் செய்துவிடும். அடுத்த கட்டம் ரியல் டைம். குழாய்களில் உணரிகளைப் பொருத்தி, நிஜ அழுத்தத்தைக் கணக்கோடு உடனுக்குடன் ஒப்பிடுவது. சிங்கப்பூர் குடிநீர் வாரியம் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்களுடன் சேர்ந்து இதைச் செய்து பார்த்தது. குழாய் வெடித்தால் ஓர் அழுத்த அலை நொடிக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். எந்த உணரியை முதலில் தொட்டது, எதை அடுத்து என்று பார்த்து, வெடித்த இடத்தைச் சொல்லிவிடலாம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுவோமே, அந்த மாதிரி.

ஆனால் எபாநெட்டுக்குக் காலிக் குழாய் தெரியாது. குழாய் எப்போதும் நிறைந்திருக்கும் என்பது அதன் நம்பிக்கை. சிங்கப்பூரில் சரி. எங்கள் தெருவில் பாதி நாள் குழாய்க்குள் காற்று. வந்ததும் எல்லாரும் ஒரே சமயத்தில் பிடிக்கிறோம், நாளைக்கும் சேர்த்து. இதில் என் மோட்டார் வேறு. அது இழுக்கும்போது குழாயின் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்துபோகலாம். அப்போது, ஒழுகுகிற இணைப்பு வெளியே விடுவதற்குப் பதில் உள்ளே வாங்கும், பக்கத்துச் சாக்கடையைச் சேர்த்து. அதை முதலில் குடிப்பது நான்தான்!

லைனிலிருந்து மோட்டாரைக் கழற்றி, தரைக்கடியில் சம்ப் கட்டி, தானாக விழுகிற நீர் போதும் என்று முடிவெடுத்தேன். கழற்ற வந்த பிளம்பர் சிரித்தார். 'இந்தத் தெருவுல எத்தனை வீட்ல நானே மாட்டியிருக்கேன் தெரியுமா சார்?'

எண்ணச் சொன்னேன். பதினொன்றில் நிறுத்திவிட்டு ஸ்பானரை எடுத்தார்.