சதுரப்பயறுக்குக் காலண்டர் தெரியும்

கும்பளங்கியில் கொல்லைப்புறத்தை நடந்து முடிப்பதற்குள் தண்ணீர் வந்துவிடும். கொச்சிக்குத் தெற்கே, காயல்கள் சூழ்ந்த கிராமம். ‘கும்பளங்கி நைட்ஸ்’ (2019) படத்துக்குப் பிறகு அந்தப் பெயர் கேரளத்துக்கு வெளியேயும் பரிச்சயம். வீட்டுக்கும் நீருக்கும் நடுவே மிஞ்சுகிற சில சென்ட் மண்ணில்தான் காய்கறி. இடம் குறைவாக இருந்தாலும் ஆசைக்குக் குறைவில்லை. கத்தரியும் வெண்டையும்தான் கடையில் கிடைக்கிறதே, பக்கத்து வீட்டில் இல்லாத ஒன்றை வளர்த்துப் பார்த்தால் என்ன?

அப்படி ஆசைப்படுகிறவர்களைச் சுலபமாக மயக்கிவிடுவது சதுரப்பயறு. தமிழில் சிறகவரை. நான்கு பக்கமும் சுருக்கு வைத்துத் தைத்தது போன்ற விளிம்பு கொண்ட காய். காய் மட்டுமல்ல, பூ, கொழுந்து, விதை, கிழங்கு எல்லாவற்றையும் சமைக்கலாம். 1975-ல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாதமி இதற்கென்றே ஓர் அறிக்கை வெளியிட்டு, வெப்ப நாடுகளுக்கு ஏற்ற புரதப் பயிர் என்று சிபாரிசு செய்தது. ஆனால் எதிர்பார்த்த புரட்சி எதுவும் நடக்கவில்லை. கொடிக்குப் பந்தல் வேண்டும், கூடவே அதற்குச் சில பிடிவாதங்கள்.

பெரிய பிடிவாதம் பகல் பொழுது. பகல் குறுகினால்தான் பூக்கும். ஏப்ரலில் விதை ஊன்றினால் பந்தல் நிறைய இலை மட்டுமே. உரம் போதவில்லையோ, விதை மோசமோ என்று வீட்டுக்காரர் தவித்துக்கொண்டிருக்க, கொடி அக்டோபர் வாக்கில்தான் மனம் இரங்கும். ஜூலையில் ஊன்றியவருக்கும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான் பூ. முந்திக்கொண்டவருக்குக் கிடைத்ததெல்லாம் இலையும் தண்ணீர் ஊற்றிய களைப்பும்.

மற்ற ஊர்களில் இது பொறுமையைச் சோதிக்கும் விஷயம், அவ்வளவே. கும்பளங்கியில் அதைவிடப் பெரிய சிக்கல். ஜூன் மழையில் காயலின் உப்பு குறைகிறது. மழை ஓய்ந்ததும் கடல்நீர் மறுபடி உள்ளே ஏறுகிறது. அதனால்தான் இங்குள்ள பொக்காளி வயல்களில் ஜூன் முதல் அக்டோபர் வரை நெல், நவம்பர் முதல் ஏப்ரல் வரை இறால் என்று முறை வகுத்திருக்கிறார்கள். பயறு வகைகளுக்கு உப்பு ஒத்துக்கொள்வதில்லை. சதுரப்பயறு காய்க்கத் தொடங்கும் மாதமும் உப்பு ஏறத் தொடங்கும் மாதமும் ஒன்றாகவே வந்து நிற்கின்றன. ஓதம் பெருகும் நாட்களில் காயல் முற்றத்துக்கே வந்துவிடுவதும் உண்டு. வந்த தண்ணீர் வடிந்துவிடும், அது விட்டுச்செல்லும் உப்பு வடியாது. அதைக் கழுவ அடுத்த மழைதான் வர வேண்டும்.

இதற்கான விடையும் பொக்காளி வயலிலேயே இருக்கிறது. அங்கே முதலில் மண்ணை மேடாகக் கூட்டுவார்கள். மழை அந்த மேட்டின் உப்பைக் கழுவிய பிறகே விதைப்பார்கள். தோட்டத்துக்கும் அதே பாடம்தான். ஓதம் எட்டாத உயரத்தில் பாத்தி அல்லது மண் நிரப்பிய சாக்கு, பாய்ச்சுவதற்குக் காயலோடு சம்பந்தமில்லாத நீர். இந்த இரண்டும் இருந்தால் சதுரப்பயறு டிசம்பரிலும் காய்க்கும். இல்லாவிட்டால், ஐம்பது நாளில் காய்க்கிற வெண்டையை மழைக்காலத்திலேயே பறித்து முடித்துவிடுவது உத்தமம்.

தக்காளி, கத்தரிக்கு வேறு கதை. வெளிநாட்டுக் கறுப்புத் தக்காளி காலையில் பச்சையாக நிற்கும், மாலையில் தலை தொங்கிவிடும். கேரளத்தின் அமில மண்ணில் பாக்டீரியா வாடல் நோய் அத்தனை மும்முரம். அதைத் தாங்குவதற்கென்றே கேரள வேளாண் பல்கலைக்கழகம் சக்தி, முக்தி என்ற தக்காளி ரகங்களையும் சூர்யா, ஹரிதா என்ற கத்தரி ரகங்களையும் உருவாக்கியது. இவற்றில் புதுமைக் கவர்ச்சி இல்லைதான். ஆனால் குழம்புக்குக் காய் வருகிறது.

அபூர்வ ரகம் ஜெயித்ததா தோற்றதா என்பதை முதல் வருடக் கூடையை வைத்துச் சொல்ல முடியாது. பயறுப் பூக்கள் பெரும்பாலும் தம் மகரந்தத்தாலேயே காய்ப்பவை, அதனால் விதை அவ்வளவாகக் கலப்படமாவதில்லை. நல்ல கொடியில் நான்கு காய்களைப் பறிக்காமல் முற்றவிட்டு, காயவைத்து, உப்புக்காற்றின் ஈரம் படாமல் மூடிவைத்தால் போதும். அடுத்த மழைக்கு அந்த விதை முளைத்தால், அது இனி வெளியூர்ச் சரக்கல்ல, கும்பளங்கிக்காரன்.