43-ஆவது நாள்

பாட்டி இறந்த இரவு. வாசலில் பந்தல், கூடத்தில் ஐஸ்பெட்டி. பதினொன்றரை மணி தாண்டியிருக்கும். மூலையில் உட்கார்ந்திருந்த அக்கா முந்தானைக்குள் எதையோ மறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போனேன். செல்போன். திரையில் ஒரு மஞ்சள் பெட்டி திறந்து காசு கொட்டியது.

"இன்னிக்கு 43-வது நாள்டா. பன்னெண்டுக்குள்ள உள்ள போகலன்னா எல்லாம் பூஜ்யம் ஆயிடும்" என்றாள், தப்பு செய்து மாட்டிக்கொண்டவள்போல.

அந்தப் பெட்டியைத் திறக்கும் நிரலை எழுதியவன் நான். தம்பி வேலை பார்க்கிற கம்பெனியின் கேம் என்றுதான் அவள் ஆடவே ஆரம்பித்தாள். தினமும் வந்தால் பரிசு, ஒருநாள் தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து. அதைச் சேர்த்த மாதம் தினசரி வருகை ஏறியது. அலுவலகத்தில் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்கள்.

"உனக்கு இது பிடிச்சிருக்கா அக்கா?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். "பிடிச்சிருக்கான்னா... தெரியலடா. விட மனசு வரல."

ரிச்சர்ட் பார்ட்டில், 1978-இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கிய மட் என்ற எழுத்துவடிவ இணைய உலகை அவரோடு சேர்ந்து உருவாக்கியவர். 1996-இல் எழுதிய கட்டுரையில் ஆட வருபவர்களை நான்கு வகையாகப் பிரித்தார்: சாதிக்க வருபவர்கள், சுற்றிப் பார்க்க வருபவர்கள், பழக வருபவர்கள், அடுத்தவரைச் சீண்ட வருபவர்கள். அக்கா இந்த நான்கிலும் இல்லை. அவள் இழக்கப் பயந்து வந்தவள். அந்த ஐந்தாவது வகையை உண்டாக்கியது என்னைப் போன்றவர்கள்.

வேறு வழி இல்லாமலும் இல்லை. 2004-இல் வெளிவந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் சோதனைக் காலத்தில், நீண்ட நேரம் தொடர்ந்து ஆடினால் கிடைக்கும் அனுபவப் புள்ளிகள் பாதியாகக் குறையும்படி வைத்திருந்தார்கள். ஆடியவர்களுக்குக் கோபம் வந்தது. கணக்கைத் திருப்பிப் போட்டார்கள்: வழக்கமான புள்ளி இவ்வளவு, ஓய்வெடுத்துவிட்டு வந்தால் இரு மடங்கு. கிட்டத்தட்ட அதே எண்கள்தான். ஆனால் தண்டனை வெகுமதியாகிவிட்டது. சத்திரத்தில் படுக்கவைத்துவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போகலாம். திரும்பி வரும்போது அந்த உலகம் நமக்காக எதையோ எடுத்து வைத்திருக்கும். பார்த்தபோது, ஊருக்குப் போகும் பிள்ளைக்குப் பலகாரம் எடுத்து வைக்கும் பாட்டிதான் நினைவுக்கு வந்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பியதும் இதையே சொன்னேன். வராத நாளுக்குத் தண்டனை வேண்டாம், வராமல் இருந்ததற்கும் கொஞ்சம் சேரட்டும். மேலாளர் பொறுமையாகக் கேட்டார். "நல்லாருக்கு. நம்பர் விழுந்தா யார் பதில் சொல்றது?" கடைசியில் வாரத்துக்கு ஒருநாள் விடுப்பு என்று சமரசம் ஆனது. அதை எழுதியதும் நான்தான்.

இரண்டு மாதம் கழித்து அக்காவிடம் போனில் கேட்டேன். "அதுவா? ஒருநாள் லீவு விட்டேன். மறுநாள் மறந்தே போச்சுடா" என்று சிரித்தாள்.

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. போனை வைத்த பிறகுதான் உறைத்தது. கதவைக் கொஞ்சம் திறந்ததுமே அவள் போய்விட்டாள். அப்படியானால் இத்தனை நாள் உள்ளே நான் என்னதான் கட்டி வைத்திருந்தேன்?