கலைஞனின் பணிக்கூடம்

உழவனுக்கு வயல் உண்டு. நெசவாளிக்குத் தறிக்கூடம் உண்டு. குயவனுக்குச் சூளை உண்டு. ஓவியனுக்குத் தனியிடம் எதற்கு என்று பலர் வினவுவர். தாளும் தூரிகையும் இருந்தால் எங்கும் வரையலாமே என்பது அவர்கள் கருத்து. நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் தவறென்று உணர்ந்த வரலாற்றையே இங்குக் கூறப் புகுகின்றேன்.

சென்னையின் தென்பகுதியில் உள்ள பெருங்குடியில் என் இல்லம் அமைந்துள்ளது. முன்னாளில் வயல் சூழ்ந்த சிற்றூராய் இருந்த இவ்வூரில், இன்று கணினி நிறுவனங்களின் மாளிகைகள் வானளாவ நிற்கின்றன. ஆயினும் அருகே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் எஞ்சியுள்ளது. பனிக்காலத்தில் தொலைநாட்டுப் பறவைகள் அங்கு வந்து தங்கும். அவற்றைக் கண்டு வந்து வரைவதில் என் மகளுக்குப் பேரார்வம்.

எங்கள் வீடோ சிறியது. அவள் தாளை விரித்தால் உணவு பரிமாற இடமிராது. ஆதலால், கூடத்துக் கதவின் பின்புறச் சுவரை அவள் தன் இடமாக்கிக் கொண்டாள். ஒருநாள் அச்சுவரில் பாதி வரைந்த நாரை ஒன்றைக் கண்டேன். அதன் கால் ஒன்று நீண்டும் மற்றொன்று குறுகியும் இருந்தது. வந்திருந்த உறவினர் முன்னிலையில், "நாரைக்கு என்ன, நொண்டியா?" என்று நகைத்தேன். சுவரைப் பாழாக்கினாய் என்று கடிந்தேன். மறுநாளே அதன்மேல் வெள்ளையும் அடித்தேன். அவள் ஒரு சொல்லும் மறுத்துரைக்கவில்லை. அன்றுமுதல் வரைவதையே விட்டுவிட்டாள். பாடத்தில் இனிக் கருத்தூன்றுவாள் என்று நான் மகிழ்ந்தேன்.

சில திங்கள் சென்றபின், நண்பர் ஒருவருடன் ஈஞ்சம்பாக்கத்திற்குச் சென்றேன். பெருங்குடியிலிருந்து கிழக்கே பக்கிங்காம் கால்வாயைக் கடந்து, கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கிச் சென்றால் அவ்வூரை அடையலாம். அங்குள்ள சோழமண்டலக் கலைஞர் கிராமத்தைக் காண வேண்டும் என்பது நண்பரின் விருப்பம்.

அக்கிராமம் தோன்றிய வரலாறு அறியத்தக்கது. சென்னையில் 1850 ஆம் ஆண்டு அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். பிற்காலத்தில் அது அரசினர் பள்ளியாக வளர்ந்தது. மெரினாக் கடற்கரையில் உழைப்பாளர் சிலையைக் கண்டிருப்பீர்கள். பெரும்பாறையை நால்வர் பெயர்க்கும் அச்சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி, அப்பள்ளியின் தலைவராய் இருந்தவர். அவருடைய மாணவரான கே. சி. எஸ். பணிக்கர் 1957 இல் அப்பொறுப்பை ஏற்றார். கோயம்புத்தூரில் 1911 இல் பிறந்த பணிக்கர், தாமும் சிறந்த ஓவியர்.

அந்நாளில் ஓவியத்தை விலைகொடுத்து வாங்குவோர் இங்கு மிகச் சிலரே. கலை பயின்று வெளிவந்த இளைஞர்கள் பிழைப்புக்காக வேறு தொழில் தேடிச் சென்றனர். நாளடைவில் தூரிகையை மறந்தனர். இந்நிலை ஆசிரியரின் நெஞ்சை வருத்தியது. "கைத்தொழிலால் வயிற்றைக் காப்போம், எஞ்சிய பொழுதில் கலையைக் காப்போம்" என்பதே அவரும் அவருடைய மாணவரும் கண்ட வழி எனலாம். அவர்கள் கூடிப் பாத்திக் முறையில் துணிகளுக்கு வண்ணமூட்டினர். துணியின்மீது உருக்கிய மெழுகால் கோலமிட்டுச் சாயத்தில் தோய்ப்பர். மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது. பின்னர்க் கொதிநீரில் மெழுகை நீக்கினால் கோலம் தெளிந்து தோன்றும். இத்தகைய கைவினைப் பொருள்களை விற்றுச் சேர்த்த பணத்தைக் கொண்டு ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினர். 1966 இல் கலைஞர் கிராமம் உருவாயிற்று. மணலும் சவுக்கும் நிறைந்த அவ்விடத்தில் அவர்கள் முதலில் எளிய குடில்களை அமைத்தே வாழ்ந்தனர்.

கனவுலகத்தை மைக்கோடுகளால் தீட்டிய கே. இராமானுஜம் அங்கு வாழ்ந்தவர்; 1973 இல் இளமையிலேயே மறைந்தார். பணிக்கர் 1977 இல் மறைந்தார். அவருடைய மைந்தர் எஸ். நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் கொண்டு சிற்பங்கள் படைத்து, 2017 வரை வாழ்ந்தார். இவர்தம் படைப்புகளும் இவர்களுடைய தோழர் பலரின் படைப்புகளும் 2009 இல் அங்குத் திறக்கப்பெற்ற காட்சிக்கூடத்தில் உள்ளன.

காட்சிக்கூடத்தைக் கண்டு வியந்த பின்னர், நண்பருக்கு அறிமுகமான முதிய ஓவியர் ஒருவரின் பணிக்கூடத்திற்குச் சென்றோம். ஒழுங்கும் அழகும் நிறைந்த ஓர் அறையை நான் எதிர்பார்த்தேன். அங்கோ தரையெங்கும் வண்ணக்கறை. பழைய தகரக் குவளையில் தேய்ந்த தூரிகைகள். சாளரத்தருகே முற்றுப்பெறாத ஓவியம் ஒன்று. மூலையில் இருபது முப்பது ஓவியங்கள் முகத்தைச் சுவரின் பக்கம் திருப்பியவாறு சாய்ந்து நின்றன.

"ஐயா, இவற்றை ஏன் மறைத்து வைத்திருக்கின்றீர்கள்?" என்று வினவினேன்.

அவர் புன்னகை புரிந்தார். "அவையெல்லாம் கெட்டுப்போனவை. காட்சிக்கூடத்தில் நீங்கள் ஓர் ஓவியத்தைப் பாராட்டினீர்களே, அது இத்தனையும் கெட்ட பிறகு வந்தது. யாரும் பார்த்துச் சிரிக்காத ஓர் இடம் இருந்ததால்தான் இத்தனை முறை கெடுக்க முடிந்தது" என்றார்.

அவ்வுரை என் நெஞ்சில் முள்ளெனத் தைத்தது. வெள்ளையடித்த சுவரும் குறுங்கால் நாரையும் என் கண்முன் வந்து நின்றன. பாண்டியன் சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் என்று ஒரு மன்னனின் பெயரைப் புறநானூற்றால் அறிகின்றோம். ஓவியம் பொலிந்த மாடம் அவன் பெயரோடு நிலைத்துவிட்டது. அவ்வோவியங்களைத் தீட்டியவன் எங்கே அமர்ந்து, எத்தனை முறை பிழைசெய்து, எத்தனை முறை அழித்து எழுதிப் பழகினான்? அதனை யார் நினைந்தார்? முடிந்த ஓவியத்தை உலகம் போற்றுகின்றது. அது முடியாதிருந்தபோது அதற்குப் புகலிடம் தந்த அறையை மறந்துவிடுகின்றது. பிழைசெய்ய இடமில்லாதவன் திருத்தவும் கற்றுக்கொள்ள மாட்டான். அக்கலைஞர்கள் மெழுகும் சாயமும் படிந்த கைகளால் உழைத்து வாங்கியது வெறும் மணல் நிலமன்று. பிழைசெய்து கற்கும் உரிமையையே அவர்கள் வாங்கினார்கள். அவ்வுரிமையைக் காசு கொடுத்து வாங்க ஒரு சிறுமியால் இயலுமா? பெற்றோரன்றோ அதனை அளித்தல் வேண்டும்!

அன்று மாலையே வீட்டின் பின்தாழ்வாரத்தில் கிடந்த பழம்பொருள்களை அகற்றினேன். நான்கு முழப் பலகையொன்றை இட்டு, விளக்கு ஒன்றைப் பொருத்தினேன். மகளை அழைத்து, "அம்மா, அன்று நான் சிரித்தது தவறு. இது உன் இடம். நீ அழைத்தாலன்றி நான் வந்து பார்க்கமாட்டேன்" என்றேன். அவள் விடையேதும் கூறவில்லை. நாள்கள் பல சென்றன. பலகையில் தூசியே படிந்தது. கெடுத்தது ஒரு நொடி. சீர்செய்தல் அத்துணை எளிதன்று என்று அறிந்தேன்.

மாணவர்களே! உங்கள் தங்கையோ தோழனோ ஒரு மூலையில் அமர்ந்து கோணலாய் ஏதேனும் வரையக் கண்டால், நகையாதீர்கள். அம்மூலை அவர்களுடைய பணிக்கூடம்.

ஏறத்தாழ ஒரு திங்கள் கழித்து, ஓரிரவு நீர் அருந்த எழுந்தேன். பின்தாழ்வாரத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பென்சில் தாளில் உரசும் ஓசை கேட்டது. ஓசைப்படாமல் திரும்பி வந்து படுத்தேன். அவள் என்ன வரைந்தாள் என்று இதுவரை நான் கேட்கவில்லை.