காரியஸ்தர் வைத்திருக்கும் ஏடு

நாமக்கல் லாரி புக்கிங் ஆபீஸில் "என் மூட்டை எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். கணக்குப்பிள்ளை கிடங்குக்கு ஓட மாட்டார், பேரேட்டைப் புரட்டுவார். கம்ப்யூட்டருக்குள் 'கெர்னல்' என்று ஒரு காரியஸ்தர் இருக்கிறாரே, அவர் பிழைப்பும் இதுதான்.

2011-ல் ஆரம்பித்த அரசுத் திட்டத்தில் கிடைத்த மடிக்கணினி ஒன்று அண்ணன் மகளிடம் இருக்கிறது. நினைவகம் சொற்பம். ஆனால் அதில் ஓடும் ஒவ்வொரு புரோகிராமும், தோட்டம் முழுவதும் தனக்கே என்ற நினைப்பில் இருக்கிறது! நினைவகத்தை 4096 பைட் பக்கங்களாகப் பிரித்து, யாருடைய பக்கம் நிஜத்தில் எங்கே என்று ஆளுக்கொரு ஏடு வைத்துச் சமாளிக்கிறார் காரியஸ்தர். இடம் முட்டினால், நெடுநேரம் தொடாத பக்கத்தை டிஸ்க்குக்கு அனுப்பி, 'வெளியே' என்று குறித்துக்கொள்வார். கேட்டால் திரும்ப வரும். 1962-ல் மான்செஸ்டரின் அட்லஸ் கம்ப்யூட்டர் காட்டிய தந்திரம்.

ஒருவர் பக்கத்தை இன்னொருவர் பார்க்கக் கூடாதல்லவா? அதற்கும் ஏடுதான் காவல். காரியஸ்தர் தம் சொந்தப் பக்கங்களையும், 'தொடாதே' என்ற முத்திரையோடு, ஒவ்வோர் ஏட்டிலும் எழுதி வந்தார். இன்டெல் சில்லுகள் பலவற்றில் அந்த முத்திரையை மீறி எட்டிப் பார்க்கலாம் என்று 2018 ஜனவரியில் அம்பலமாயிற்று. 'மெல்ட்டவுன்' என்று பெயர் வைத்தார்கள். சொந்தப் பக்கங்களைத் தனி ஏட்டுக்கு மாற்றுவதே பரிகாரம்.

எங்கள் குடும்பத்தின் பாங்க் வரவு செலவெல்லாம் அந்த மடிக்கணினியில்தான். திருத்தத்தைப் போடச் சொன்னேன். ஏடு மாற்றி ஏடு புரட்டுவதில் வேகம் குறைந்துவிட்டது. "சித்தப்பா, இதுக்கு ராசிபுரம் நடந்தே போயிட்டு வந்தரலாமுங்க" என்கிறாள்.