பிரித்தால் மறுபடியும் முழுத் துணி!

ஜப்பான் என்றதும் நம் கண் முன்னே நிற்பது கிமோனோதான், இல்லையா? அந்தப் பட்டு நெய்யும் இடத்தைப் பார்க்காமல் ஊர் திரும்புவதில்லை என்று, கியோட்டோ நகரின் வடமேற்கே உள்ள நிஷிஜினுக்குப் போனேன். 1467-ல் மூண்ட ஓனின் போரில் ஊரை விட்டு ஓடிய நெசவாளர்கள், 1477-ல் சண்டை ஓய்ந்ததும் திரும்பி வந்து, மேற்குப் படை தங்கியிருந்த இடத்தில் தறி போட்டார்களாம். 'நிஷிஜின்' என்றாலே மேற்கு முகாம் என்றுதான் அர்த்தம்!

இங்கே நூலுக்குச் சாயம் ஏற்றிவிட்டுத்தான் நெசவு. பூவையும் கொக்கையும் கட்டம் போட்ட தாளில் வரைவது ஒருவர். அதைப் பார்த்து அட்டையில் துளையிடுவது இன்னொருவர். பாவு போடுவது வேறொரு வீடு. இப்போது அட்டை வேலையைப் பெரும்பாலும் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது. ஜக்கார்டு தறியைக் கற்றுவர 1872-லேயே பிரான்சின் லியோன் நகருக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். இடுப்பில் கட்டும் 'ஓபி' பட்டைக்கு ஒரு தனி நெசவு உண்டு. விரல் நகத்தை ரம்பப் பல் மாதிரி அராவி வைத்துக்கொண்டு, அதாலேயே ஊடையை நெருக்குகிறார்கள். நுணுக்கமான வேலையென்றால் நாளெல்லாம் நெய்தாலும் சில சென்டிமீட்டர்தான்!

அருகிலேயே கிதானோ தென்மாங்கு கோயில். மாதாமாதம் 25-ம் தேதி அங்கே சந்தை. பழைய பட்டுக் கிமோனோக்கள் குவியல் குவியலாகக் கிடந்தன. கடைக்கார அம்மாள் ஒன்றைத் திருப்பி உள்தையலைக் காட்டினார். சுமார் 36 சென்டிமீட்டர் அகலம், 12 மீட்டர் நீளமுள்ள ஒரே சுருளில் தைத்தது. உடம்பின் வளைவுக்கு வெட்டுவதே இல்லை; எல்லாம் நேர் துண்டுகள். அழுக்கானால் தையலைப் பிரித்து, துண்டுகளை வரிசையாக மூட்டினால் மறுபடியும் முழுத் துணி! அலசி, விறைப்பாக இழுத்துக் காயவைத்து, மகளின் அளவுக்குத் தைத்துக்கொள்ளலாம். குழந்தைகளுக்குத் தோளிலும் இடுப்பிலும் டக் பிடித்து, வளர வளரப் பிரித்துவிடுவார்கள். பட்டுப் பாவாடைக்கு நாம் செய்கிறோமே, அதே யுக்தி!

"இத்தனையும் யாரோ ஒரு தாய் பெட்டியில் வைத்துக் காப்பாற்றியதுதான். உடுத்துகிற மகள்தான் இல்லை, அதான் இங்கே வருது" என்றார் அந்த அம்மாள். கேட்டதும் மனசு கனத்துப் போயிற்று.

சிறுமி கிமோனோ ஒன்றை வாங்கி வந்தேன். அவர் சொன்னபடியே காகிதத்தில் சுற்றி வைத்து, ஈரமில்லாத நாளில் நிழலில் காற்றாடப் போடுகிறேன். டக்கை மட்டும் பிரிக்கவில்லை. என் பேத்திக்கு இன்னும் மூன்று வயதுகூட ஆகவில்லையே!