பெயர் ஒன்று, நோய் பல

நம் பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டைப் புரட்டினால் மரியாள் என்னும் பெயர் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. பெயர் ஒன்றாயினும் ஆள் வேறு, குணம் வேறு என்பதை எவரும் நமக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும், நோய் என்று வரும்போது நம்மவர் இதனை மறந்துவிடுகின்றனர். மார்பகப் புற்றுநோய் என்றதும், எல்லார்க்கும் ஒரே நோய், ஒரே மருந்து, ஒரே முடிவு என எண்ணிக் கலங்குகின்றனர்.

நோயுற்றோரைக் காணச் செல்லும் இல்லங்களில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சுகள் இரண்டு. “இந்தச் சின்ன வயதில் அது வருமா, சாமி? பால்கட்டாக இருக்கும்” என்பது ஒன்று. “எழுபதைத் தாண்டியாயிற்று, இனி எதற்குச் சோதனையும் மருந்தும்?” என்பது மற்றொன்று. முன்னது இளந்தாயரைக் காலந்தாழ்த்தச் செய்கிறது. பின்னது முதிய தாயரைக் கைவிடச் செய்கிறது. இவற்றுக்கு மறுமொழி தேடியே, மெய்யியலும் இறையியலும் மட்டுமே பயின்ற நாம், மருத்துவ நூல்களையும் புரட்டலானோம்.

இந்நோய்க்கும் பெண்ணுடலின் ஹார்மோன்களுக்கும் தொடர்புண்டு என்பதை 1896-இல் ஸ்காட்லாந்து மருத்துவர் ஜார்ஜ் பீட்சன் எடுத்துக்காட்டினார். சூலகங்களை அகற்றியபின் மார்பகக் கட்டி சுருங்கக் கண்டார். பின்னர் அம்முறையைக் கையாண்ட மருத்துவர்களோ, சிலருக்கே அது பயன்தருவதை உணர்ந்தனர். ஏன் சிலருக்கு மட்டும்? சிகாகோவில் எல்வுட் ஜென்சன் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி என்னும் புரதத்தைக் கண்டறிந்த பின்னரே இதற்கு விடை கிடைத்தது. இப்புரதம் பூட்டுப் போன்றது. ஈஸ்ட்ரோஜன் அதற்குரிய திறவுகோல். பூட்டு உள்ள புற்று, அத்திறவுகோலால் தூண்டப்பட்டு வளர்கிறது. அமெரிக்காவில் 1977-இல் அனுமதி பெற்ற தமாக்சிஃபென் என்னும் மாத்திரை அப்பூட்டை அடைத்துவிடுகிறது. பூட்டே இல்லாத புற்றுக்கு அம்மாத்திரையால் பயனில்லை.

இதுபோன்ற அடையாளப் புரதங்கள் வேறு சிலவும் உள. புரொஜெஸ்டிரோன் ஏற்பி அவற்றுள் ஒன்று. ஹெர்-2 மற்றொன்று. இது மிகுந்த புற்று விரைந்து பரவுவதை 1987-இல் டென்னிஸ் ஸ்லாமன் குழுவினர் வெளியிட்டனர். அதனையே குறிவைக்கும் ட்ராஸ்டுசுமாப் 1998-இல் அனுமதி பெற்றது. அஞ்சத்தக்க அடையாளமே மருந்துக்கு வழிகாட்டியாயிற்று! ஜெர்மனியின் கீல் நகரால் பெயர் பெற்ற கி-67 என்னும் புரதமோ, உயிரணுக்கள் எவ்வளவு விரைவாகப் பெருகுகின்றன என்பதைக் காட்டுகிறது.

இனி வயதுக்கு வருவோம். முதியோரின் புற்றில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி மிகுதியாகக் காணப்படுகிறது; அது பெரும்பாலும் மெல்ல வளர்வது. நாற்பது வயதுக்குட்பட்டோரிலோ, இரு ஏற்பிகளும் ஹெர்-2 மிகுதியும் இல்லாத வகையும், ஹெர்-2 மிகுந்த வகையும், கி-67 உயர்ந்த நிலையும் ஒப்பளவில் கூடுதல். இந்தியப் பெண்களுக்கு மேலைநாட்டுப் பெண்களைவிட ஏறத்தாழப் பத்தாண்டு முன்னதாகவே இந்நோய் வருகிறது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

ஆனால் பலரைப் பற்றிய உண்மை ஒருவரைப் பற்றிய தீர்ப்பாகாது. தருக்கவியலில் நாம் பயின்ற இப்பாடம் இங்கும் பொருந்துகிறது. ஏற்பியுள்ள புற்று இளம்பெண்களிலும் பலர்க்கு உண்டு. கடுமையான வகை மூதாட்டிக்கும் வரலாம். வயது ஐயத்தை எழுப்பலாம். தீர்ப்பளிக்க வேண்டியது திசுச்சோதனையே. அச்சோதனை முடிவு வந்தபின், எழுபத்தைந்து வயது அன்னை ஒருவர் நாளொரு மாத்திரையால் பல்லாண்டு நலமாய் வாழ்தல் கூடும். அவருக்கு அவ்வாய்ப்பை மறுக்க நமக்கு என்ன உரிமை?

குடும்பத்தாருக்குச் சில சொற்கள். மார்பகக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றல்ல. எனவே அச்சம் வேண்டாம். வலியில்லை என்றோ, பாலூட்டும் காலம் என்றோ காலங்கடத்தவும் வேண்டாம். புற்றெனத் தெரிந்தால், இரு ஏற்பிகள், ஹெர்-2 ஆகியவற்றின் முடிவை மருத்துவரிடம் கேட்டறியுங்கள். அந்த அறிக்கையைப் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த வீட்டம்மாளுக்கு மாத்திரை மட்டும், நமக்கு ஏன் ஊசியும் முடியுதிர்வும் என்று நோயாளி மனம் நொந்தால், இருவர் நோயும் வேறு என்று அன்போடு விளக்குங்கள். பிறர்க்கு நேர்ந்த முடிவைச் சொல்லி அவரை அச்சுறுத்தாதீர்கள்.

கணவன்மாரே, மக்களே, உங்கள் இல்லத்துப் பெண்கள் தம் உடல்நோவைக் கடைசியாகவே வெளியிடுவர். அவர்கள் வாய்திறக்கும் நாளில் வயதைக் கணக்கிடாதீர்கள். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.